ஞாயிறு சரி, மற்ற ஆறு நாட்கள்? தேவ அன்புக்கு நம் பதில்

கூடாரத்தச்சன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

தேவன் என்னை நேசிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" (ரோமர் 5:8). நான் திருந்தி வந்த பிறகு காட்டிய அன்பில்லை, அதற்கு முன்பே காட்டியது. இதுவரை புரிகிறது.

சிக்கல் அடுத்த படியில்தான். பிரசங்கம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் "அவர் உனக்காக இவ்வளவு செய்தாரே, நீ அவருக்காக என்ன செய்தாய்?" என்று வந்து நிற்கிறது. கேட்டதும் மாதத் தவணை கட்டாதவன் போல ஆகிவிடுகிறேன். கொஞ்ச நாள் அதிகாலையில் எழுந்து ஜெபிப்பேன், வேதம் வாசிப்பேன், யார் மேலும் எரிந்து விழாமல் இருப்பேன். அப்புறம் வேலை, களைப்பு, பழையபடி. அசலும் குறைவதில்லை, வட்டியும் குறைவதில்லை.

ஊழியக்காரர்களை விடுங்கள். வேலைக்குப் போய், வீடு திரும்பி, அசந்து தூங்குகிற ஒரு சாதாரண ஆள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. அந்த நாளில் தேவ அன்புக்குப் பதில் கொடுப்பது என்றால் உங்கள் வாழ்க்கையில் அது என்ன? "எல்லாவற்றிலும் அவரை மகிமைப்படுத்துங்கள்" என்ற வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ். அவை என்னிடம் நிறையவே இருக்கின்றன.

எழுபதுதரமேழு

சகோதரரே, இதில் குழம்ப என்ன இருக்கிறது? "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" (யோவான் 14:15). கற்பனை என்றால் கட்டளைதானே. பொய் சொல்லாதே என்றார், சொல்லாமல் இருங்கள். மன்னி என்றார், மன்னியுங்கள். பாரமாக இருக்கிறது, தவணை போல இருக்கிறது என்று உணர்ச்சியை அளந்துகொண்டிருந்தால் கீழ்ப்படிய நேரமே கிடைக்காது.

சும்மா_வாசிப்பவன்

நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் இந்தப் பகுதியை எட்டிப் பார்ப்பேன். மேலே உள்ள பதில் தாளில் அழகாக இருக்கிறது. நான் பார்த்த வரையில், வேலையிடத்தில் ஜெபத்தோடு நாளைத் தொடங்குகிறவர்தான் அடுத்தவர் செய்த வேலையைத் தன் பெயரில் மேலிடத்துக்கு அனுப்பினார். அவரும் கற்பனைகளைக் கைக்கொள்வதாகத்தான் நினைத்திருப்பார்.

ஒலிவமரம்

கூடாரத்தச்சன் தம்பி, நீங்கள் கேட்டதை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்" (சங்கீதம் 116:12). இந்த வசனத்தை எத்தனையோ சாட்சிகளில் கேட்டிருப்போம். பெரும்பாலும் அதோடு நிறுத்திவிட்டு காணிக்கைக்குப் போய்விடுவார்கள். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்."

என்ன செலுத்துவேன் என்று கேட்டவர் முதலில் செய்கிற காரியம், இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொள்வது! திரும்பக் கொடுப்பதைப் பற்றிய கேள்விக்கு மறுபடி பெற்றுக்கொள்வதுதான் முதல் பதில். பொருத்தனை (நேர்ந்துகொண்டது), ஸ்தோத்திரபலி (நன்றிப் பலி) எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கடன்காரர் யாராவது இப்படிப் பேசுவாரா?

அதனால் என் செவ்வாய்க்கிழமை கேட்பதில்தான் தொடங்குகிறது. "ஆண்டவரே, இன்றைக்கு என்னிடம் பொறுமை இல்லை, தாரும்." அதுவே ஆராதனை என்று நான் நினைக்கிறேன். நீங்கள் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

எழுபதுதரமேழு

அக்கா, பெற்றுக்கொள்வது சரி. ஆனால் இப்படியே போனால் "அவர் தருவார், நான் வாங்குவேன்" என்று ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று எழுதினது இதைத்தானே? மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லரின் ஆட்சியில் சபைகள் வளைந்துகொடுப்பதைப் பார்த்துக்கொண்டே எழுதியவர். 1945இல் தூக்கிலும் போட்டார்கள்.

ஒலிவமரம்

அவர் கிருபையை மலிவாக்காதே என்றார். கிருபையைக் கடனாக்கு என்று அவர் சொல்லவில்லையே தம்பி.

பழைய_ஏட்டுக்காரர்

நல்ல இழை. வரலாற்றுப் பக்கமிருந்து சில விஷயங்கள். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கூடாரத்தச்சனைத் துன்புறுத்துகிற அந்தக் கேள்வி. 1719இல் ட்யூசெல்டார்ஃப் நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில், முள்முடி சூடிய கிறிஸ்துவின் படத்தின் கீழே கிட்டத்தட்ட இதே வரிகள் லத்தீனில் எழுதியிருந்தன: இதை உனக்காகப் பாடுபட்டேன், நீ எனக்காக என்ன செய்தாய்? அதைப் பார்த்து அசைந்துபோனவர் சின்சென்டார்ஃப் பிரபு, அப்போது 19 வயது இளைஞர். மூன்று வருடத்தில் மொராவியாவிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்குத் தன் நிலத்தில் குடியேற இடம் கொடுத்தார். அந்தக் குடியிருப்புதான் ஹெர்ன்ஹூட். அங்கிருந்து 1732இல் கரீபியன் தீவுகளுக்கு மிஷனரிகள் புறப்பட்டார்கள். ஆகவே கேள்வியையே தூக்கி எறிய வேண்டாம். கேட்ட ஒருவருக்கு அது கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் ஒரு படத்தின் முன்னால் தனியாக நிற்கிறவருடைய மனதில் எழும் கேள்வி வேறு, வாராவாரம் மேடையிலிருந்து வந்து விழும் கேள்வி வேறு.

இரண்டாவது, பத்துக் கற்பனைகளை எங்கே வைப்பது என்பது. 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை என்ற விசுவாசப் பாடநூலில் 129 கேள்விகள், மூன்று பகுதிகள்: மனிதனுடைய அவலம், அதிலிருந்து மீட்பு, மீட்டவருக்கு நன்றி. கற்பனைகளைப் பற்றிய விரிவான விளக்கம் எந்தப் பகுதியில் இருக்கிறது தெரியுமா? மூன்றாவதில், நன்றியில். முதல் பகுதியிலும் நியாயப்பிரமாணம், அதாவது தேவனுடைய சட்டம், வருகிறது, ஆனால் அங்கே அது நம் நிலைமையைக் காட்டுவதற்கு. "இப்படி வாழ்" என்று வரும்போது மீட்பெல்லாம் முடிந்துபோன காரியம். யாத்திராகமம் 20லும் அதே வரிசைதான். "உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினேன்" என்பது முதலில், கற்பனைகள் பிறகு. செங்கடலைத் தாண்டி, கற்பனைகள் கிடைத்த சீனாய்க்கு வந்தார்களே தவிர, சீனாயில் பாஸாகிச் செங்கடலைத் தாண்டவில்லை.

அதே வினாவிடை இன்னொன்றும் சொல்கிறது: தேவன் நம்மிடம் எதிர்பார்க்கிற நன்றியில் முக்கியமான பகுதி ஜெபம். அதாவது கேட்பது. ஒலிவமரம் அக்கா சொன்னதும் அதுவே.

சும்மா_வாசிப்பவன்

சுவாரசியம்தான். என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. கற்பனைகளை நன்றி என்ற அலமாரியில் வைத்தாலும், கடமை என்ற அலமாரியில் வைத்தாலும், அந்த மனிதர் அடுத்தவர் வேலையைத் தன் பெயரில்தானே அனுப்பினார்? இவ்வளவு பெரிய அன்பைப் பெற்றவர்களிடம் அது ஏன் வெளியே தெரிவதில்லை?

பழைய_ஏட்டுக்காரர்

நியாயமான கேள்வி. மழுப்பாமல் ஓர் ஆளைக் காட்டுகிறேன். ஜான் நியூட்டன். 1748இல் கடலில் புயலில் சிக்கி, தேவனை நோக்கிக் கூப்பிட்டு, அதையே தன் மனமாற்றத்தின் தொடக்கமாக வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தவர். அதற்குப் பிறகு என்ன செய்தார்? அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகப் போனார். 1754 வரை. மேல்தளத்தில் ஜெபமும் வேத வாசிப்பும், கீழ்த்தளத்தில் விலங்கிட்ட மனிதர்கள். தொழிலை விட்டதுகூட உடல்நிலையால்தான். அந்த வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து எழுதியது 1788இல். புயலிலிருந்து 40 வருடம். அதன் பிறகு அவருடைய சாட்சியம் அடிமை வியாபார ஒழிப்புக்கு உதவியது, 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைத் தடைசெய்தது, அதே வருடக் கடைசியில் அவரும் இறந்தார்.

இதைப் பெரும்பாலும் அழகான கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த 1748க்கும் 1754க்கும் நடுவில் உள்ள வருடங்கள்தான் உறுத்துகின்றன. அவர் உண்மையாகவே அழுதார், உண்மையாகவே ஜெபித்தார் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் பெற்ற அன்பு, அவர் பார்க்க மறுத்த மனிதர்கள் வரைக்கும் போய்ச் சேரவில்லை. உங்கள் சக ஊழியருக்கும் இதைத்தான் சொல்வேன். அவர் வேஷக்காரர் என்று முடிவுகட்டுவது சுலபம். அதைவிட மோசமானது, அவர் உண்மையாகவே ஜெபிக்கிறவராக இருப்பது.

எழுபதுதரமேழு

1 யோவான் 4:20 இதற்காகவே எழுதப்பட்டது: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" வாசகர் அண்ணா, உங்கள் கோபம் வேதத்துக்கு எதிரானதில்லை. யோவான் உங்களைவிடக் கடுமையாக, "பொய்யன்" என்றே சொல்லிவிடுகிறார்.

சும்மா_வாசிப்பவன்

அப்போதாவது எனக்கு ஒரு அப்போஸ்தலர் துணை இருக்கிறார். சரி.

இரவுப்பணி

தாதியாக வேலை செய்கிறேன், பெரும்பாலும் இரவு நேரம். தச்சன் அண்ணா கேட்ட சாதாரண நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு வேலை நேரத்தில் பக்தி உணர்வு எதுவும் வருவதில்லை. அழைப்பு மணி, மருந்து அட்டவணை, படுக்கை நனைத்துவிட்டு வெட்கப்படுகிற பெரியவர். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பழக்கம். யாரும் பார்க்காத நேரத்திலும் வேலையைக் குறைக்கமாட்டேன். மயக்கத்தில் இருக்கிறவரிடமும் "ஐயா, உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். அவருக்குக் கேட்கிறதா என்று தெரியாது. முதுகில் புண் வராமல் இருக்க நேரம் தவறாமல் திருப்ப வேண்டும். நேரத்தைக் குறித்துவிட்டுத் திருப்பாமல் போனால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும், அதுவும் யாருடைய பணி நேரத்தில் என்று தெரியாது.

என் ஆராதனையில் பாட்டு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் அந்தத் தாளில் எழுதிய நேரம் உண்மையாக இருப்பது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டீர்கள் அல்லவா?

கூடாரத்தச்சன்

தங்கச்சி, இதைத்தான் கேட்டேன். நன்றி.

ஒலிவமரம்

17ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஒரு கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் காயப்பட்டுக் கால் ஊனமானவர். மடத்தின் சமையலறையில் போட்டார்கள். அவருக்கு அந்த வேலை இயல்பாகவே பிடிக்காதாம். வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார். ஜெப நேரம், வேலை நேரம் என்று இரண்டு தேவசமுகம் இல்லை, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் அவரோடு பேசலாம் என்று அனுபவத்தில் கண்டவர். பிடித்த வேலையாக இருந்திருந்தால் அதை நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

மார்த்தாள்

என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், லூக்கா 10இல் வேலை வேலை என்று அலைந்த மார்த்தாளின் பெயரை வேண்டுமென்றே வைத்துக்கொண்டதுதான்.

அம்மாவுக்கு மறதி நோய். என்னை யாரென்று தெரியாத நாட்களே அதிகம். சில நாள் என்னைத் திருடி என்று நினைத்துக் கூச்சல் போடுவார். குளிப்பாட்டும்போது அடிப்பார். "தேவ அன்புக்கு நீங்கள் கொடுக்கும் பதில் எவ்வளவு அழகு" என்று சபையில் சொல்கிறார்கள். அழகு எதுவும் இல்லை. நான் எரிச்சலோடுதான் பல நாள் செய்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு துணி மாற்றுகிறேன். அன்பில்லாமல் செய்தால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று 1 கொரிந்தியர் 13 சொல்கிறதே, அப்படியானால் என் வேலை எந்தக் கணக்கில் சேரும்? நிஜமாகவே கேட்கிறேன், ஆறுதலுக்காகக் கேட்கவில்லை.

பழைய_ஏட்டுக்காரர்

அம்மா, அதே அதிகாரத்தைக் கொஞ்சம் கீழே வாசியுங்கள். அன்பு என்ன உணரும் என்று பவுல் பட்டியல் போடவில்லை. நீடிய சாந்தம், தயவு, சினமடையாதது, சகலத்தையும் சகிப்பது. எல்லாம் செய்கிற காரியங்கள், அல்லது செய்யாமல் அடக்கிக்கொள்கிற காரியங்கள். பல்லைக் கடிப்பது எதை அடக்குவதற்காக என்று நினைக்கிறீர்கள்?

லிசியே நகரத்துத் தெரேசா (1873–1897) 24 வயதில் காசநோயால் இறந்த கன்னியாஸ்திரி. மடத்தில் ஒரு சகோதரியின் நடை, பேச்சு, சுபாவம் எதுவுமே அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபித்தார், புன்னகைத்தார், முடிந்த உதவி செய்தார். சமாளிக்க முடியாத நேரத்தில் அந்த இடத்தை விட்டு ஓடியே போய்விடுவாராம். கடைசியில் அந்தச் சகோதரியே "என்னிடம் உங்களை இவ்வளவு கவருவது எது?" என்று கேட்டிருக்கிறார். இதை எழுதிவைத்த தெரேசா, எரிச்சல் போய்விட்டது என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை.

எழுபதுதரமேழு

மார்த்தாள் அக்கா, நான் மேலே கீழ்ப்படிதல் என்று சொன்னது உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான். உணர்ச்சி வரும்வரை காத்திருந்தால் உங்கள் அம்மா குளித்திருக்க மாட்டார். "வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்" என்று யோவான் சொல்லிவிட்டு உடனே அடுத்து என்ன எழுதுகிறார் பாருங்கள்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." கிரியையால் அன்புகூருகிறவரின் இருதயம் அவரையே குற்றப்படுத்தும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மார்த்தாள்

இந்த இரண்டு வசனமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை இதுவரை கவனித்ததில்லை.

உப்புத்தூண்

மேலே ஒருவர் "மன்னி என்றார், மன்னியுங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை அப்படியே கடக்க முடியவில்லை.

நான் அடி வாங்கின வீட்டிலிருந்து வெளியே வந்தவள். விவரம் வேண்டாம். "தேவன் உன்னை எவ்வளவு மன்னித்தார், நீ ஏன் திரும்பிப் போகக்கூடாது?" என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் வேதம் வாசிக்கிறவர்கள். ராஜா மன்னித்த பெருங்கடன்காரன் தன் கடன்காரனை மன்னிக்க மறுத்த அந்தப் பதினாயிரம் தாலந்து உவமையை எனக்கு எதிராகவே வாசித்துக் காட்டினார்கள். தேவ அன்புக்குப் பதில் என்பது இதுதான் என்றால், அந்த அன்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

நெறியாளர்

உப்புத்தூண், எழுதியதற்கு நன்றி. மற்றவர்கள் கவனத்துக்கு: அவரிடம் விவரம் கேட்கவோ, திரும்பிப் போகச் சொல்லவோ யாருக்கும் இங்கே இடமில்லை. அப்படி வந்த ஒரு பதிவை இப்போதுதான் நீக்கினேன்.

ஒலிவமரம்

அம்மா, அந்த உவமையை உங்களுக்கு எதிராக வாசித்தவர்கள் அதற்கு முன்னால் அதே அதிகாரத்தில் இருக்கிறதை வாசிக்கவில்லை. மத்தேயு 18இல் உவமைக்கு முன்பே, குற்றம் செய்தவனிடம் போய் அதைச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து, சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அந்நியனைப்போல இருப்பானாக என்று இருக்கிறது. லூக்கா 17:3 இன்னும் நேரடி: "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." திரும்பப் போய் அடிவாங்கு என்று எங்கேயும் இல்லை. பழிவாங்கும் உரிமையை ஆண்டவர் கையில் விடுவது ஒன்று. ஒரே வீட்டில் வாழ்வது வேறொன்று. முதலாவதற்கும் உங்களுக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஏட்டுக்காரர்

அந்த உவமையின் கணக்கையும் சரியாகப் பார்க்க வேண்டும். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஓய்வே இல்லாமல் உழைத்தாலும் 1,60,000 வருடத்துக்கு மேல். அடைக்கவே முடியாத தொகையை வேண்டுமென்றே சொல்கிறார். கூடாரத்தச்சனும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஊழியக்காரன் "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். ராஜா அந்தத் திட்டத்தைக் காதில்கூட வாங்காமல் கடனையே மன்னித்துவிடுகிறார். அவன் மட்டும் மனதில் இன்னும் கடன்காரனாகவே வெளியே வருகிறான், வந்ததும் இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான்.

மறுபக்கம், அந்த இன்னொருவன் தரவேண்டிய நூறு வெள்ளிப்பணம். பிரசங்கங்களில் அதை அற்பத்தொகை என்பார்கள். நூறு நாள் கூலி எந்தக் கூலிக்காரனுக்கு அற்பம்? நமக்குப் பிறர் செய்த கேடு சின்ன விஷயம் என்று ஆண்டவர் சொல்லவில்லை.

நாஜி முகாமிலிருந்து உயிர்தப்பிய டச்சுக்காரர் கோரி டென் பூம் கதையையும் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். 1947இல் மியூனிக்கில், தன் அக்கா இறந்துபோன ராவென்ஸ்ப்ரூக் முகாமின் காவலன் ஒருவன் எதிரே வந்து கை நீட்டினான், அவர் ஜெபித்துவிட்டுக் கையைப் பிடித்தார். உண்மை. ஆனால் முகாம் மூடியாயிற்று, காவலனுக்கு அவர்மேல் எந்த அதிகாரமும் இல்லை, செய்ததை ஒப்புக்கொண்டு அவனே மன்னிப்புக் கேட்டு வந்தான். மறுபடி முகாமுக்கு வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை.

உப்புத்தூண்

கடைசி வரியை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

எழுபதுதரமேழு

உப்புத்தூண் அக்கா, நான் எழுதினது சக ஊழியர் மேல் உள்ள மனக்கசப்பு போன்றவற்றைப் பற்றி. ஆனால் அதை எழுதவில்லை, உண்மைதான். கீழ்ப்படிதல் முக்கியம் என்பதில் மாற்றமில்லை. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதைக்கிறவன்

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். பணம் பற்றி யாரும் பேசவில்லையே? தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஒழுங்காகக் கொடுத்தாலே பாதிப் பதில் கொடுத்தாயிற்று.

பழைய_ஏட்டுக்காரர்

2ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருப்பது: சபையார் மாதம் ஒருமுறை அவரவர் விருப்பப்படி, முடிந்தால் மட்டும் காணிக்கை போடுவார்கள், கட்டாயம் கிடையாது. அது ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும், வயதானவர்களுக்கும், கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கும், சுரங்கத்திலும் சிறையிலும் கிடந்தவர்களுக்கும் போனது. 362இல் ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவத்தைப் பிடிக்காதவர், கலாத்தியாவில் இருந்த தன் பூசாரி ஒருவருக்கு எரிச்சலோடு எழுதுகிறார்: அந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமில்லை, நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள். எதிரியின் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் இது எனக்குப் பிடிக்கும். தொகை எத்தனை சதவீதம் என்று அவர் எழுதவில்லை.

சும்மா_வாசிப்பவன்

இதுவரை படித்ததில் ஜூலியன் கடிதமும், இரவுப்பணியின் தாளும்தான் எனக்குப் புரிகிற மொழியில் இருக்கின்றன. மீண்டும் சபைக்கு வருவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் என் பழைய சக ஊழியரைப் போன்றவர்களை மட்டும் பார்த்து முடிவு செய்தேனா என்று யோசிக்கிறேன்.

நெறியாளர்

தசமபாகம் பற்றிய அடுத்தடுத்த பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்திவிட்டேன். விதைக்கிறவன், அங்கே தொடருங்கள்.

கூடாரத்தச்சன்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். எனக்குக் கெட்ட குமாரன் உவமையில் வருகிற மூத்த குமாரன் ஞாபகம் வந்தான். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று அப்பாவிடமே கணக்கு வாசிக்கிறான். தகப்பன் பதிலுக்கு ஒரு கணக்கும் வாசிக்கவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். நான் இவ்வளவு காலம் மூத்தவனுடைய நோட்டுப்புத்தகத்தோடுதான் அலைகிறேன் போல. சட்டென்று தூக்கிப்போட வராது. ஒலிவமரம் அக்கா சொன்ன மாதிரி காலையில் கேட்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் சபையிலும் மார்த்தாள் அக்காவைப் போல அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம், அவர் இதுவரை எதுவும் கேட்டதில்லை. என்ன செய்தால் நிஜமாகவே உதவியாக இருக்கும்?

மார்த்தாள்

தம்பி, "வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதை முதலில் நிறுத்துங்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கிற தெம்புகூட எங்களுக்கு இருக்காது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் நான் அப்பாவோடு இருக்கிறேன், நீங்கள் வெளியே போய்வாருங்கள்" என்று நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை அவர் வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கட்டும், அப்பாவுக்கு உங்கள் முகம் பழக வேண்டும். அவர் உங்களை வேறு யாரோ என்று நினைத்துப் பேசினால் திருத்தாதீர்கள், அந்தப் பேச்சிலேயே கூடப் போங்கள். "என்னை ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவருக்குப் பதற்றம் வந்துவிடும். மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், சாயங்காலம் ஆனால் வெளியே கிளம்பிவிடுவார்கள். பழைய பாமாலைப் பாட்டு ஏதாவது தெரிந்தால் பாடுங்கள். என் அம்மாவுக்கு என் பெயர் வராது, பாட்டில் மூன்றாவது சரணம் வரை வரும்.

பிறகு ஒரு முக்கியமான விஷயம், ஒரு வாரம் வந்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். இரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு மாற்றி மாற்றிப் போனால் உங்களால் தாக்குப்பிடிக்க முடியும்.

இரவுப்பணி

மார்த்தாள் அக்கா சொன்னதோடு, அப்பா படுக்கையிலேயே இருப்பவரா, நடமாடுகிறவரா என்று கேட்டு எழுதுங்கள். படுக்கையில் என்றால் எப்படித் திருப்புவது என்று விவரமாக எழுதுகிறேன். தெரியாமல் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடும்.

கூடாரத்தச்சன்

நடமாடுகிறவர்தான் என்று நினைக்கிறேன். நாளைக்குக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.